எல்லோருக்கும் காலியான ஒரு மணி நேரம்

மார்ச் 2, திங்கள்

மைக்ரேஷன் முடியும்வரை நடப்பதையெல்லாம் எழுதிவைக்கத்தான் இந்த நோட்டு. நாளைக்கு ஒரு கோளாறு என்றால் கம்பெனியில் அத்தனை விரலும் நஞ்சப்பனைத்தான் காட்டும். பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் அறையில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா.

எங்கள் பம்ப் கம்பெனியில் முந்நூற்று நாற்பது பேருக்கு மெயில் உண்டு. எல்லாம் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் அறையில், ஒரு பழைய சர்வரில் கிடக்கிறது. அதை மார்ச் கடைசிக்குள் கிளவுடுக்கு ஏற்றவேண்டும். ஆள் நான் ஒருவன். அந்த அறையில் எந்நேரமும் புளித்த சாம்பார் வாடை. இன்று ஏசியைத் திறந்தால் உள்ளே செத்த பல்லி, வடகமாகக் காய்ந்திருக்கிறது. அதன்மேல் பட்டு வந்த காற்றைத்தான் இத்தனை நாள் சுவாசித்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் தவணையாக நாற்பது பேரை ஏற்றினேன். ஏறியதும் மூன்று பேருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஒருவர் அதைத் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி, அந்தத் தாள்மேலேயே தோசைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றிருக்கிறார். எழுத்து தெரியவில்லை, சட்னி தெரிகிறது.

மார்ச் 3, செவ்வாய்

ஆரம்பித்துவிட்டது.

இங்கே கூட்டம் போட ஒரு முறை இருக்கிறது. யார் யார் வரவேண்டுமோ அவர்கள் பெயரைக் காலண்டரில் போட்டால் ஆளுக்கு ஒரு வரி வரும். வேலை இருக்கும் நேரம் நீலம், காலி நேரம் வெள்ளை. எல்லா வரியிலும் ஒரே இடத்தில் வெள்ளை கிடைத்தால் அங்கே கூட்டத்தைப் போடலாம். போட்டுவிட்டால் யாரும் வராமல் இருக்க முடியாது. வாயால் கேட்டுக் கூட்டுகிற கூட்டம் செல்லாது. இது பெரிய முதலாளி போட்ட சட்டம். ராகு காலத்தில் கூட்டம் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அதற்காக எல்லோர் காலண்டரிலும் தினம் ஒன்றரை மணி நேரம் நீலமாகப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும்.

காலையில் லேப் தலைவர் அம்சவேணி மேடம் கூப்பிட்டார். அவர் நேற்றே கிளவுடுக்குப் போய்விட்டவர். திரையில் ஐந்து பெயர் போட்டிருந்தார். அவர், எச்.ஆர். ஜெயதேவன், ஸ்டோர்ஸில் ஒரு அம்மாள், டெஸ்டிங் பிரிவில் ஒப்பந்தத்தில் இருக்கும் கோகிலவாணி என்ற பெண், இன்னொருவர். மேடம் வரியைத் தவிர மற்ற நாலிலும் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. முழுக்கச் சாய்கோடு. ‘தகவல் இல்லை’ என்று அர்த்தம்.

கிளவுடுக்குப் போனவர்களுக்குப் பழைய சர்வரில் இருப்பவர்களின் காலண்டர் தெரியவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி வீடுகள் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கின்றன. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது என்ன கூட்டம் என்பது ரகசியம். அந்த ரகசியம் கேன்டீன் மாஸ்டருக்கும் தெரியும். பர்ச்சேஸ் ஜி.எம். ராஜ்மோகன் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று கோகிலவாணி பிப்ரவரி 26-ம் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறது. அம்சவேணி மேடம்தான் விசாரணைக் குழுவின் தலைவர். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் இந்த மாதம் 31-ம் தேதியோடு முடிகிறது. அதற்குள் குழு ஒரு தடவை உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கிவிட்டால் அப்புறம் யாராலும் மூட முடியாது. உட்காராவிட்டால், வேலையில் இல்லாதவள் புகாரை என்ன செய்வது என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள்.

எனக்கு இதெல்லாம் எதற்கு. சாய்கோடு ஏன் வருகிறது என்பது மட்டும்தான் என் வேலை.

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்தேன். பழைய சர்வரும் கிளவுடும் ஒன்றையொன்று நம்ப ஒரு சான்றிதழ் வேண்டும். அது போன வருடமே காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி நான் நாலு மெயில் போட்டிருக்கிறேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் நானே புதிதாக ஒன்று செய்து ஏற்றினேன். மத்தியானம் சாய்கோடு போய் நீலமும் வெள்ளையும் தெரிய ஆரம்பித்தது. இரண்டாம் தவணையும் ஏறிவிட்டது. பெரிய முதலாளி, ஜெயதேவன் எல்லாம் இதில்.

மார்ச் 6, வெள்ளி

வாழ்க்கையில் இப்படித் திட்டு வாங்கியதில்லை.

இரண்டாம் தவணை ஏறும்போது எல்லோருடைய ராகு காலமும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. கிளவுடுக்கு நம் ஊர் நேரம் தெரியாது. லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இருக்கவேண்டிய ராகு காலம் சாயங்காலம் நாலுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. பத்தே முக்காலில் வெள்ளையைப் பார்த்த பெரிய முதலாளி பாலக்காட்டு டீலரை உட்காரவைத்து ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். போட்ட பிறகு சுவர்க் காலண்டரைப் பார்த்திருக்கிறார். எழுபத்தாறு வயதில் அந்தத் தொண்டை எப்படித்தான் அப்படி வேலை செய்கிறதோ.

நாளை முழுதும் ராகு காலத்தைத் திருப்பி வைக்கும் வேலை. படித்தது பி.எஸ்சி. கணிதம்.

மார்ச் 9, திங்கள்

ராகு காலம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மத்தியானம் ராஜ்மோகன் என் அறைக்கு வந்தார். போனில் மெயில் வரவில்லையாம். வேலை முடியும்வரை பின்னால் நின்றுகொண்டு என் தோளில் கையைப் போட்டிருந்தார். “நஞ்சப்பன் தங்கமான மனுசனுங்க. தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பாப்ல” என்று, அறையில் வேறு யாருமே இல்லாதபோது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். கையில் சென்ட் வாசம். மோதிரம் என் தோள் எலும்பில் அழுந்தியது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாளியில் போட்டு ஊறவைத்தேன். காலையில் போட்ட சட்டைதானே, அதற்குள் என்ன என்று சுகந்தி கேட்டாள். வியர்வை என்றேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் அந்த வாசம் போகவில்லை.

மார்ச் 11, புதன்

சாய்கோடு போயும் மேடத்துக்குக் கூட்டம் போட முடியவில்லை. ஜெயதேவன் வரியில் வெள்ளையே கிடையாதாம். கோளாறா என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். கோளாறு இல்லை. காலை ஒன்பதே காலுக்கு மேடம் அவருடைய காலண்டரைத் திறந்திருக்கிறார். ஒன்பது பதினெட்டுக்கு ஜெயதேவன் அந்த வாரம் முழுக்க ‘சைட் விசிட்’ என்று நீலம் பூசியிருக்கிறார். எந்த சைட் என்று பார்க்க அவர் கேபினுக்கே போனேன். உள்ளே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு பறந்து வந்து என் நோட்டுமேல் விழுந்தது. சிரித்தார். தட்டிவிட்டேன். இந்த நோட்டுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது. இவனுக்கெல்லாம் எதற்குக் கிளவுடு.

மேடத்திடம் காலண்டர் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

சர்வர் அறையைக் கழுவினேன். ஃபினாயில் இரண்டு பாட்டில்.

மார்ச் 16, திங்கள்

அம்சவேணி மேடம் என் அறைக்கே வந்துவிட்டார். இந்த நாற்றத்துக்கு அவர் வந்ததே இல்லை. லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஐந்து வரி.

ஜெயதேவன் மாதிரி ஆள் எவ்வளவுதான் அடைத்தாலும் அங்கங்கே ஒரு மணி நேரம் விட்டுப்போகிறதாம். போன வாரம் இரண்டு இடம் அப்படிக் கிடைத்ததாம். இருந்தும் கூட்டம் போட முடியவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். பிறகு, “அந்தக் கடைசி வரி யாருதுன்னு பாருங்க நஞ்சப்பன்” என்றார்.

பார்த்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை, இரண்டாம் தேதி தொடங்கி முப்பத்தொன்றுவரை, ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை.

மைக்ரேஷன் வேலைங்க மேடம் என்றேன். அவர் சரிங்க என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார்.

அது என் வரி. நான்தான் அடைத்து வைத்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. மைக்ரேஷன் நேரத்தில் எவனும் கூட்டம் கீட்டம் என்று கூப்பிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பிப்ரவரி 27 வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன், முன்கூட்டியே.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாம் தவணை, எண்பத்தைந்து பேர். பதினொரு பேருக்குப் பழைய மெயில் இரண்டு இரண்டாக வருகிறது. கேன்டீன் டீயில் ஆடை மிதந்தது. கொட்டிவிட்டேன்.

நடந்ததை எழுதி வைப்பது நல்லது. பிப்ரவரி 19-ம் தேதி மத்தியானம் ட்ரெய்னிங் ஹாலில் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. கேபிளை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ராஜ்மோகன் இருந்தார். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றிருந்தது. அவர் கை அதன் இடுப்பில் இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். பத்து நொடி இருக்குமா. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் தன் புகாரில் ‘ப்ரொஜெக்டர் சரிபார்க்க வந்த சார்’ என்று எழுதியிருக்கிறது. பெயர் எழுதவில்லை. எழுதவேண்டுமா என்ன. இந்தக் கம்பெனியில் ப்ரொஜெக்டர் பார்க்கிறவன் நான் ஒருவன்.

சுகந்தியிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

கோகிலவாணி வந்தது. தாராபுரம் பக்கமாம். இருபத்துமூன்று வயதிருக்கும். 31-ம் தேதிக்குப் பிறகு அழிக்கவேண்டிய மெயில்கள் என்று எச்.ஆர். எனக்கு அனுப்பிய பட்டியலில் அதன் பெயர் முதலில் இருக்கிறது.

“முப்பத்தொண்ணுக்கு அப்புறம் என் மெயில் இருக்குமுங்களா சார்?”

இருக்காதும்மா என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்தாள் அனுப்பிய மெயில் நாலு அதில் இருக்கிறதாம். சரிங்க சார் என்றது. வேறு எதையும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. போகும்போது கதவருகில் கிடந்த என் செருப்பை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. யார்மேல் என்று எழுத வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

காலை பத்துமணிக்கு என் வரியைத் திறந்தேன். ராகு காலம் தவிர மார்ச் முழுவதும் வெள்ளை. அரை நிமிட வேலை.

பத்து ஐந்துக்கு மேடம் புதன்கிழமை மூன்று மணிக்கு ஒரு பொது வெள்ளையைக் கண்டுபிடித்திருக்கிறார். குழுவில் வெளி உறுப்பினரான வக்கீலம்மாவுக்குத் தோதுப்படுமா என்று போனில் கேட்கப் போன இடைவெளியில், பத்து பதினொன்றுக்கு, ஜெயதேவன் அங்கே ‘பல்லடம் விசிட்’ என்று பூசிவிட்டார். மத்தியானம் வியாழக்கிழமை ஒரு இடம் கிடைத்தது. நாலு நிமிடத்தில் அதுவும் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் வேலையே இதுதான் போல. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் இதைச் செய்கிறான். தூ.

மார்ச் 23, திங்கள்

ஜெயதேவன் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு கடிதம், தட்டச்சு செய்து தயாராக. ‘மெயில் மாற்றத்தால் ஏற்பட்ட காலண்டர் கோளாறு காரணமாக மார்ச் மாதம் முழுவதும் குழுவினரின் நேரத்தைப் பார்க்க இயலவில்லை எனச் சான்றளிக்கிறேன்.’ கீழே என் பெயர். கோளாறு இரண்டு நாளில் சரியாகிவிட்டதே என்றேன்.

“ஒரு கையெழுத்துதானுங்க நஞ்சப்பன். யாருக்கும் நஷ்டமில்ல. ஏப்ரல்ல உங்களுக்கு மேனேஜர் லெட்டர் ரெடி பண்ணீரலாம்.”

பதினாறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது அது. முகத்தில் காறித் துப்பியிருக்கவேண்டும். யோசிச்சுச் சொல்றனுங்க என்று கடிதத்தை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ரசம் பட்டிருக்கிறது. பேனாவைக்கூட எடுத்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. இந்தக் கம்பெனியில் ஜெயதேவனால் நீலம் பூச முடியாத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ராகு காலம். அது ஏற்கெனவே நீலம், பூட்டிய நீலம். அந்த ஒன்றரை மணி நேரம் எவனுக்கும் கூட்டம் கிடையாது, வெளியே போவதும் கிடையாது, டீ குடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருப்பான்.

நேராக மேடத்திடம் போய்ச் சொன்னேன். வக்கீலம்மாவிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டோம். மேடம் தன் திரையில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டார். நான் 27-ம் தேதி வெள்ளிக்கிழமை பத்தரை ராகு காலத்தை ஐந்து பேர் காலண்டரிலும் அழித்தேன். வெள்ளை விழுந்த நிமிடமே அவர் கூட்டத்தைப் போட்டுவிட்டார்.

பத்து நிமிடத்தில் ஜெயதேவன் பெரிய முதலாளியிடம் ஓடினார். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ராகு காலத்தை அழித்துவிட்டேன் என்று ஜெயதேவன் ஒரு பாட்டம் சொல்லி முடிக்கும்வரை பெரியவர் கேட்டார். என்ன கூட்டம் என்றார். ஜெயதேவன் விசாரணை என்று இழுத்தார்.

“நல்ல காரியத்துக்குத்தானுங்க ராகு காலம் பாக்கறது” என்றார் பெரியவர். “இதென்ன கண்ணாலமா?”

ஜெயதேவனால் நல்ல காரியம் என்று சொல்லவும் முடியாது, வேண்டாத காரியம் என்று சொல்லவும் முடியாது. பல்லி விழுந்த பாலைக் குடித்தவன் மாதிரி முகம். வெளியே வந்ததும் அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல், ரசக்கறையோடு, அவர் கையில் கொடுத்தேன்.

பதினாறு வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர் இதுதான்.

மார்ச் 26, வியாழன்

நாளைக்கு வெள்ளைச் சட்டை. நானே இஸ்திரி போட்டேன். சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் காலத்தில் யார் இப்படி முன்வருகிறார்கள் என்றாள். இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

கோகிலவாணியின் மெயிலை அழிக்கும் பட்டியலிலிருந்து எடுத்து, ஒரு பிரதியை மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

பத்தரைக்குக் கான்ஃபரன்ஸ் அறை. நடுவில் அம்சவேணி மேடம், பக்கத்தில் வக்கீலம்மா. ஜெயதேவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தது. என்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அதன் வாக்குமூலம் முடிந்திருந்தது. இனிமேல் யாராலும் மூட முடியாது.

நான் பார்த்ததைச் சொன்னேன். தேதி, நேரம், சுவர், கை. குரல் நடுங்கவில்லை. இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்றுகூட நடுவில் நினைத்துக்கொண்டேன். ஸ்டோர்ஸ் அம்மாள் எழுதிக்கொண்டே வந்தார்.

எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று வக்கீலம்மா கேட்டார். பத்து நொடி என்றேன். சரியாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு நிமிடம் இருக்கலாம் என்றேன். அந்தப் பெண் உங்களைப் பார்த்ததா என்று கேட்டார். பார்த்தது என்றேன். ஏதாவது சொன்னதா என்றார். ‘சார்’ என்று கூப்பிட்டது என்றேன். இதை நான் சுகந்தியிடமும் சொல்லவில்லை.

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு, சாட்சியிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்று கோகிலவாணியைக் கேட்டார். அது கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டியது. பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தது. கோபமாகக்கூடப் பேசவில்லை.

“நீங்க உள்ள வரலீன்னாக்கூடப் பரவாயில்லீங்க சார். போறப்ப கதவச் சாத்தாமப் போயிருந்தீங்கன்னா போதுமுங்க.”

ஸ்டோர்ஸ் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை எழுதவேண்டுமா என்று மேடத்தைப் பார்த்தார். எழுதுங்க என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, சாத்தினீர்களா என்று கேட்டார்.

சாத்தினேன். சத்தம் வராமல் சாத்தினேன்.